இருளின் தூய்மை

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை எண்களால் அளந்து கூறுவது இன்று உலகெங்கும் நிலைபெற்றுவிட்ட வழக்கமாகும். எத்தனை தொன் இரும்பு, எத்தனை புசல் நெல் என்று முன்னர் கணக்கிட்டனர். அவற்றோடு இப்பொழுது புதியதொரு கணக்கும் சேர்ந்துள்ளது. நாட்டின் மின்சாரத்தில் எத்தனை பங்கு நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் கதிரவனிடமிருந்தும் கிடைக்கின்றது, எத்தனை பங்கு நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துப் பெறப்படுகின்றது, அவ்வெரிப்பினால் வானிற் கலக்கும் காபனீரொட்சைட்டு எத்தனை தொன் என்னும் விவரங்கள் ஆண்டுதோறும் அட்டவணைகளாகவும் வளைகோடுகளாகவும் வெளிவருகின்றன. ஒரு கோடு ஏறினால் நாடு நல்வழியிற் செல்கின்றது என்கிறோம். மற்றொரு கோடு ஏறினால் கவலை கொள்கிறோம்.

இக்கணக்கு வேண்டாததென எவரும் கூறார். புவி வெப்பமடைந்து வருகின்றது. வெப்பமேறிய கடலும் காற்றும் பெருமழையை மேலும் கனமாக்குகின்றன என்பது விஞ்ஞானம் நிறுவிய உண்மை. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. மலைச்சரிவுகள் பெயர்ந்து குடியிருப்புக்களை மூடின. காலநிலை என்பது அறிஞர் மாநாடுகளுக்கு மாத்திரம் உரிய பொருளன்று என்பதை இந்நாட்டு மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே கணக்கை இகழ்வது நம் நோக்கமன்று. ஒரு நாடு தூய சக்திக்கு மாறுவதை அளக்கும் இந்த எண்கள், அந்நாடு நேர்மையாக வாழ்கின்றதா என்பதையும் அளந்துவிடுமா? இதுவே நாம் இங்கு ஆராய விரும்பும் வினா.

இவ்வினாவுக்கு விடை தேட நம் நாட்டின் சரித்திரமே போதும்.

1990ஆம் ஆண்டில் இலங்கையில் உற்பத்தியான மின்சாரத்தில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேற்பட்டது நீர்வலுவினாற் பெறப்பட்டது. எண்ணெயின் பங்கு பெயரளவினதே. 2030ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 70 பங்கு மின்சாரத்தை மீளப் புதுப்பிக்கத்தக்க வழிகளிற் பெறுவோம் என 2021ஆம் ஆண்டில் உலகத்துக்கு வாக்களித்த இந்நாடு, அந்த எல்லையை ஒரு தலைமுறைக்கு முன்னரே கடந்து நின்றது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். வளைகோட்டை மாத்திரம் நோக்குபவர் 1990ஐப் பொற்காலம் எனவும், பின்வந்த ஆண்டுகளை வீழ்ச்சியெனவும் கொள்ளக்கூடும்.

ஆனால் அதே 1990இல் மின்னிணைப்புப் பெற்றிருந்த வீடுகள் நூற்றுக்கு 30 அளவிலேயே இருந்தன. எஞ்சிய வீடுகளிற் குப்பி விளக்குப் புகைந்தது. அதன் மங்கிய சுடரின் கீழ்ப் பிள்ளைகள் பாடம் படித்தனர். தாய்மார் சோறு பரிமாறினர். அக்குப்பி விளக்குகளில் எரிந்த மண்ணெண்ணெய் மின்சாரக் கணக்கில் இடம்பெறவில்லை. நாட்டின் மின்சாரம் தூயதாயிருந்ததற்குக் களனி நதியும் மகாவலியும் காரணமென்பது மெய்யே. எனினும், அந்நதிகளின் நீர் நாட்டின் தேவைக்குப் போதியதாய் இருந்ததற்கு, பெரும்பான்மை மக்கள் அம்மின்சாரத்திற் பங்கு பெறாதிருந்தமையும் காரணமன்றோ? ஏடுகளிற் காணப்பட்ட அத்தூய்மையின் ஒரு பாதி, இயற்கை நமக்கு அளித்த கொடை. மறுபாதி, இருளில் இருந்தோர் அறியாமலே செலுத்திய வரி.

அந்த வரியின் வரலாறு நெடியது. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் 1918ஆம் ஆண்டிலேயே ஆய்வுரையொன்றின் மூலம் எடுத்துக்காட்டினார். அன்னிய ஆட்சி அதனைத் தொடங்குவதும் நிறுத்துவதுமாகக் காலங் கடத்தியது. ஈற்றில் 1950ஆம் ஆண்டில் 25 மெகாவாற்று வலுவுடன் லக்ஷபானவின் முதல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து புறப்பட்ட கம்பிகள் தேயிலை மலைகளின் மேலாகக் கொழும்பை நோக்கிச் சென்றன. அம்மலைகளில் உழைத்த மக்களோ அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர் ஆக்கப்பட்டிருந்தனர். தலைக்கு மேலே மின்சாரம் ஓட, லயன் காம்பராக்களிற் பல தசாப்தங்கள் இருளே நிலைத்தது. மலையின் நீர் நகரத்துக்கு ஒளியாயிற்று. மலையில் வாழ்ந்தவனுக்கு அது மழையாகவும் குளிராகவும் மாத்திரம் இருந்தது.

நீர்த்தேக்கங்கள் எழுந்தபோது ஊர்களும் மறைந்தன. 1969இல் மவுசாக்கலை அணை கட்டி முடிக்கப்பட்டதும் பழைய மஸ்கெலியா நகரம் நீருள் ஆழ்ந்தது. கோடையில் நீர்மட்டம் தாழும்போது அந்நகரின் வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் இன்றும் வெளித்தோன்றுகின்றன. 1985இல் 210 மெகாவாற்று விக்டோரியாத் திட்டம் நிறைவேறியபோது பழைய தெல்தெனியா நகரம் அவ்வாறே மூழ்கியது. இத்திட்டங்கள் நாட்டுக்கு வேண்டியவை அல்லவென நாம் சொல்லவில்லை. அவற்றின் பயனை நாம் எல்லோரும் அனுபவிக்கிறோம். ஆயினும் அந்த அட்டவணைகளில் மெகாவாற்றுக்கு ஒரு பத்தி இருந்தது. மூழ்கிய ஊருக்குப் பத்தி இருக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தது என்ன? கிராமங்களுக்கு மின்சாரம் பரவியது. தேவை வளர்ந்தது, நதிகளோ வளரவில்லை. 1996ஆம் ஆண்டின் வறட்சி, மழையை மாத்திரம் நம்பியிருத்தலின் ஆபத்தை நெடிய மின்வெட்டுக்களால் உணர்த்தியது. முதலில் எண்ணெய் நிலையங்கள் வந்தன. 2011ஆம் ஆண்டில் நுரைச்சோலையின் முதல் 300 மெகாவாற்று நிலக்கரிப் பொறி இயங்கிற்று. 2014இல் அது 900 மெகாவாற்றாக நிறைவடைந்தது. 2016ஆம் ஆண்டளவில் நாட்டின் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் மின்னிணைப்புக் கிடைத்திருந்தது. ஒளிபெற்ற வீடுகளின் கோட்டையும் தூய மின்சாரத்தின் பங்கைக் காட்டும் கோட்டையும் ஒரே தாளில் வரைந்தால், முன்னது ஏற ஏறப் பின்னது இறங்குவதைக் காணலாம்.

1990இன் இலங்கை 2016இன் இலங்கையைவிட அறத்தில் உயர்ந்ததா? குப்பி விளக்கின் முன்னே ஒரு தலைமுறையை இருத்திவிட்டு நமது காற்றுத் தூயது எனப் பெருமை கொண்டிருத்தல் நேர்மையாகுமா? ஆகாது என்பதே நம் விடை. பசியோடு இருப்பவனை நோன்பிருப்பவன் எனக் கூறிப் பாராட்டுவது எவ்வளவு கொடுமையோ, இல்லாமையைத் தூய்மை எனக் கணக்கெழுதுவதும் அவ்வளவு கொடுமையே. நோன்பு என்பது உணவு கையில் இருக்க அதனை மறுப்பவனுக்கே உரியது.

இதே குற்றம் வேறு பத்திகளிலும் உண்டு. விறகை எடுத்துக்கொள்வோம். மரம் மீண்டும் முளைக்கும் ஆதலால் விறகும் புதுப்பிக்கத்தக்க சக்தி எனவே ஏடுகளிற் பதியப்படுகின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்நாட்டு வீடுகளில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவை விறகினாலேயே சமைத்தன. நாட்டின் மொத்தச் சக்தியிற் புதுப்பிக்கத்தக்கது எத்தனை பங்கு எனக் கூறப்படும்போது, அடுப்பங்கரையில் ஊதுகுழலோடு குனிந்திருக்கும் பெண்ணின் கண்ணீரும் அத்தொகையை உயர்த்துகின்றது. அவளது நெஞ்சிற் படியும் புகை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

அண்மைக் காலத்தின் சான்று இன்னும் கசப்பானது. 2022ஆம் ஆண்டில் நாடு பொருளாதாரத்தில் வீழ்ந்தபோது மின்னுற்பத்தியும் வீழ்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. சராசரி என்ற சொல் இங்கும் உண்மையை மறைக்கின்றது. மாதத்தில் முப்பது அலகு மாத்திரம் பாவிக்கும் ஏழைக் குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். முன்னர் அலகுக்கு 2 ரூபா 50 சதமும் நிலையான கட்டணம் 30 ரூபாவுமாக 105 ரூபா செலுத்திய அக்குடும்பம், 2023 பெப்ரவரிக்குப் பின்னர் அலகுக்கு 30 ரூபாவும் நிலையான கட்டணம் 400 ரூபாவுமாக 1,300 ரூபா செலுத்த வேண்டியதாயிற்று. நாட்டுக்குச் சராசரி ஏற்றம் மூன்று மடங்காக, ஒற்றை மின்குமிழ் எரியும் வீட்டுக்கோ பன்னிரண்டு மடங்கு! பல இலட்சம் இணைப்புக்கள் துண்டிக்கப்பட்டன. பின்னர் கட்டணம் குறைக்கப்பட்டதாயினும், அந்த மாதங்களில் மீண்டும் குப்பி விளக்கைத் தேடியெடுத்த வீடுகள் இருந்தன. மின்சாரம் துண்டிக்கப்பட்ட ஒவ்வொரு வீட்டினாலும் நாட்டின் எரிபொருட் பாவனை ஓரணுவேனும் குறைந்தது. காபன் கணக்கின் கோடு அதனைக் குறைவு என்றே பதியும். சிக்கனத்தினால் வந்த குறைவு எது, வறுமையினால் வந்த குறைவு எது என அக்கோடு பிரித்தறிய மாட்டாது.

இவ்விடத்தில் ஒருசாரார் விரைந்து ஒரு முடிவுக்கு வருவர். ‘ஏழைக்கு ஒளி வேண்டுமெனில் நிலக்கரியே வழி; தூய சக்தி என்பது செல்வரின் வேடிக்கை’ என்பர். நாம் கூறுவது இதுவன்று. நிலக்கரியை நாம் கடல் கடந்தே வாங்க வேண்டும். அதற்கு டொலர் வேண்டும். டொலர் இல்லாத 2022ஆம் ஆண்டில் எரிபொருள் இல்லாமற் போயிற்று, நீர்த்தேக்கங்களும் வற்றியிருந்தன, மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் நாடு இருண்டது. மின்பிறப்பாக்கி வைத்திருந்தோர் தப்பினர். ஏழையின் பெயராற் கட்டப்பட்ட அனல்மின் நிலையம், நெருக்கடி வந்தபோது முதலில் ஏழையையே கைவிட்டது. காற்றாடியையும் சூரியத் தகட்டையும் ஒருமுறை விலைகொடுத்து வாங்கினால் மாதந்தோறும் காற்றுக்கும் வெயிலுக்கும் டொலர் செலுத்த வேண்டியதில்லை. எனவே தூய சக்திக்கு மாறுதல் நம்மைப் போன்ற வறிய நாட்டுக்கு ஆடம்பரமன்று. தன்மானத்தோடு வாழ்வதற்கான வழி.

இன்னொரு சாரார் கூறுவது வேறு. ‘இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன், அமெரிக்கர் ஒருவர் வெளியிடுவதோ அதன் பன்மடங்கு. முதலில் அவர்கள் திருந்தட்டும்’ என்பர். இதில் நியாயம் உண்டு. இரு நூற்றாண்டுகளாக நிலக்கரியை எரித்துச் செல்வம் திரட்டிய நாடுகளின் பொறுப்பும், அச்செல்வம் திரளத் தேயிலைக் கொழுந்தும் இறப்பர்ப் பாலும் அளித்த நாட்டின் பொறுப்பும் ஒன்றாகா. அந்நாடுகள் தம் கடனைத் தீர்க்க வேண்டும் என உரத்துக் கூறுவது நமது உரிமை. ஆயினும் அந்த ஒரு தொன்னும் ஒரு சராசரியே என்பதை மறவாதிருப்போம். குளிரூட்டப்பட்ட மாளிகையில் வாழ்ந்து தனி வாகனத்திற் பவனி வரும் கொழும்புச் சீமானும், லயத்தில் வாழும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் சேர்ந்தே அச்சராசரி ஆகின்றது. உலக அரங்கில் ‘நாம் வறியவர்’ என வாதிடும்போது அவளது வறுமையைக் கேடயமாகத் தூக்கிப் பிடிப்பதும், உள்நாட்டில் அவள் பங்கு கேட்கும்போது அவளை மறந்துவிடுவதும் இரட்டை வேடமாகும்.

இனி, இன்று நிகழும் மாற்றத்தை நோக்குவோம். மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாடிகளோடு 103.5 மெகாவாற்று வலுவுடைய தம்பபவனி நிலையம் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அனல் இல்லை, புகை இல்லை. அறிவியலின் அருஞ்செயல் என அதனை மனமுவந்து பாராட்டலாம். எனினும் மேலும் காற்றாடிகளை நிறுவ முற்பட்டபோது 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். கனிய மணல் அகழ்வையும் அவர்கள் எதிர்த்தனர். மழைநீர் வடிந்தோடும் வழிகள் தடைப்படுவதாக ஊரவர் முறையிட்டனர்; மீன்பாடு குறைவதாகக் கடற்றொழிலாளர் கூறினர்; தொலைதேசங்களிலிருந்து வலசை வரும் பறவைகளின் பாதையிலே அத்தீவு அமைந்திருப்பதை இயற்கை ஆர்வலர் எடுத்துக்காட்டினர். அரசு வேலையைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தது. செப்டெம்பரில் போராட்டம் மீண்டும் மூண்டது.

இம்மக்களைத் தூய சக்தியின் பகைவர் எனப் பழிப்பது எளிது. ஆனால் அவர்கள் நிலக்கரி கேட்டு வீதிக்கு வரவில்லை. தங்கள் கரையில் எதனை நடுவது என்பதைத் தம்மோடு பேசித் தீர்மானியுங்கள் என்றே கேட்டனர். அவர்களது ஒவ்வொரு முறையீடும் விஞ்ஞானச் சோதனையில் நிலைக்குமா என்பது வேறு விடயம்; அதனை ஆய்ந்து அவர்களுக்கு விளக்க வேண்டிய கடமை திட்டமிடுவோருடையது. கேளாமல் எடுக்கப்பட்ட முடிவு சரியானதாகவே இருப்பினும், கேட்கப்படாதவன் அதனைத் தனக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாகவே கொள்வான்.

சம்பூரின் கதை இதனை இன்னும் தெளிவாக்கும். 2006ஆம் ஆண்டின் யுத்தத்தில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களது மண்ணில் நிலக்கரி மின்நிலையம் கட்ட இந்தியாவோடு இணக்கம் காணப்பட்டது. மக்களும் சூழலியலாளரும் எதிர்த்தனர். 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரிலில் அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. நாட்டின் ஏட்டில் இது மகத்தான மாற்றம்: கரிய பத்தியிலிருந்து பசிய பத்திக்கு ஒரு நிலம் பெயர்ந்துவிட்டது. அந்நிலத்தில் மாடு மேய்த்தவனுக்கு, பயிர் செய்தவனுக்கு, பத்தாண்டு அகதியாய் அலைந்து மீண்டவனுக்கு என்ன மாற்றம்? நிலக்கரிக்காக வேலியிட்டாலும் கதிரவனுக்காக வேலியிட்டாலும், வேலிக்கு வெளியே நிற்பவனுக்கு அது வேலியே.

கூரைகளின் மேலும் இதே வினா எழுகின்றது. வசதியுள்ள வீட்டுக்காரர் தம் கூரையிற் சூரியத் தகடுகளைப் பதித்து, தம் தேவை போக எஞ்சிய மின்சாரத்தை விற்று வருவாய் பெறுகின்றனர். இது நன்றே. 2025 ஏப்ரிலில் புத்தாண்டு விடுமுறையின்போது மின்சாரத் தேவை குறைந்துவிட, பகல் வேளையில் அத்தகடுகளை நிறுத்திவைக்குமாறு அவர்களை வேண்டும் அளவுக்கு அவை பெருகிவிட்டன. பகலின் ஒளியை இரவுக்குச் சேமித்துவைக்கும் மின்கலங்கள் போதிய அளவில் இன்மையால், கைக்கு வந்த ஒளி வீணாகின்றது. ஆனால் தோட்டத்து லயத்திற் குடியிருப்பவன் எந்தக் கூரையிலே தகடு பதிப்பான்? நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பரம்பரை பரம்பரையாக அவன் தலைக்கு மேல் இருந்த தகரக் கூரை இன்றும் அவனுக்குச் சொந்தமன்று. வெயில் எல்லோர் மேலும் சமமாகக் காய்கின்றது. கூரையுரிமை சமமாகப் பங்கிடப்படவில்லை. கதிரவனைப் பொதுவுடைமையாகவே இயற்கை படைத்தது. அதனைத் தனியுடைமையாக மாற்றும் வழியைச் சமுதாயம் தன் பழைய சொத்துறவுகளிலிருந்தே கண்டுபிடித்துவிடுகின்றது.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு என்ன? சக்தியின் மூலம் மாறுவது ஒன்று. சக்தியின்மேல் மனிதருக்குள்ள உறவு மாறுவது வேறொன்று. முன்னதை நூற்றுவீதம் அளக்கும். பின்னதை அது அளக்காது. நீர்வலு, நிலக்கரி, காற்று, கதிரவன் என மூலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு முறையும் ஒளி ஓரிடத்துக்கும் இழப்பு வேறிடத்துக்கும் சென்றன. இழப்புச் சென்ற இடங்களை நோக்கின், மஸ்கெலியாவும் சம்பூரும் மன்னாரும், முடிவெடுக்கும் மண்டபங்களில் குரலற்றோர் வாழும் இடங்களாகவே இருக்கக் காண்கிறோம்.

இது மாற்ற முடியாத விதியன்று. காற்றாடி நிற்கும் ஊருக்கு அதன் வருவாயிற் பங்கு கொடுக்க முடியும். இடத்தைத் தெரிவதற்கு முன்னரே ஊரவரைக் கூட்டி, அவர்கள் மொழியிலே விளக்கி, அவர்கள் மறுப்புக்கும் மதிப்பளித்து முடிவெடுக்க முடியும். லயத்து மக்களுக்குக் காணியும் வீடும் உரித்தாக்கினால் அவர்கள் கூரையிலும் கதிரவன் உழைப்பான். பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், வைத்தியசாலை ஆகியவற்றின் கூரைகளை ஊரின் பொதுக் கூரைகளாக்கலாம். முப்பது அலகுக் குடும்பத்தின் விளக்கை அணைக்காமலே கட்டணத்தை வகுக்கலாம். இவற்றுக்கு வேண்டிய அறிவு மனிதரிடம் உண்டு. வேண்டிய வேட்கை ஆள்வோரிடம் தானாகப் பிறப்பதில்லை. மக்கள் கேட்டே அதனைப் பிறப்பிக்க வேண்டும்.

நாட்டின் மாற்றத்தைக் கணக்கிடுவோர் தம் கணக்கைத் தொடரட்டும். எத்தனை தொன் குறைந்தது, எத்தனை மெகாவாற்றுக் கூடியது என்பவை அறியப்பட வேண்டியவையே. அவ்வெண்களின் அருகில் மேலும் இரண்டு பத்திகள் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஒன்றில், இவ்வாண்டு புதிதாக ஒளி பெற்றவர் யார், ஒளி இழந்தவர் யார் என எழுதப்பட வேண்டும். மற்றதில், அவ்வொளிக்காக மண்ணையும் கடலையும் ஊரையும் கொடுத்தவர் யார், கொடுக்குமுன் அவர் கேட்கப்பட்டாரா என எழுதப்பட வேண்டும். புள்ளிவிவரத் திணைக்களம் இப்பத்திகளைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய மஸ்கெலியாவின் கதையையும், மன்னார்க் கரையின் குரலையும், துண்டிக்கப்பட்ட மின்மானியின் கீழே மீண்டும் ஏற்றப்பட்ட குப்பி விளக்கையும் எழுத்தில் ஏற்றுவது, மக்களுக்காக எழுதுகிறோம் என்று கூறிக்கொள்ளும் நம் எல்லோருடைய கடமையாகும்.

2030ஆம் ஆண்டு வரும். நூற்றுக்கு 70 என்ற இலக்கை நாடு எட்டலாம், எட்டாமலும் போகலாம். எட்டிய நாளில் வெடி கொளுத்தி மகிழுமுன், 1990இல் அதைவிட உயர்ந்ததோர் எண்ணை நாம் எத்தகைய இருளின் நடுவே வைத்திருந்தோம் என்பதை நினைத்துப் பார்ப்போமாக.